ஓடும் வீடு

பயணம் செல்வோர் வீட்டைப் பூட்டித் திறவுகோலை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வது எங்கும் உள்ள வழக்கம். வீட்டையே ஓட்டிக்கொண்டு செல்வோரும் உலகில் உளர். அமெரிக்க நாட்டு நெடுஞ்சாலையின் ஓரத்தில் கோடைக்காலத்தில் நின்று பார்ப்போர், பேருந்து போல நீண்டும் உயர்ந்தும் உள்ள வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காண்பர். அவை பேருந்துகள் அல்ல. உள்ளே அடுப்பு உண்டு, குளிர்ப்பெட்டி உண்டு, கட்டில் உண்டு, குளிப்பதற்கு அறையும் உண்டு. முன்புறத்தில் ஓட்டுநரின் இருக்கை; அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும். ஆங்கிலத்தில் 'மோட்டார் ஹோம்' என வழங்கும் இவ்வண்டியை மோட்டார் வீடு எனலாம்.

மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ரேமண்டு பிராங்க் என்பவர் 1958ஆம் ஆண்டில் தம் குடும்பத்தின் பயணத்துக்காக இத்தகைய வண்டி ஒன்றைக் கட்டினார். கண்டவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றனர். சில ஆண்டுகளில் அது விற்பனைக்குரிய பொருளாயிற்று. 1966ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்தின் பாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரிலிருந்து வின்னபேகோ நிறுவனத்தின் மோட்டார் வீடுகள் வெளிவரத் தொடங்கின. நாடு முழுவதையும் இணைக்கும் பெருஞ்சாலைகளுக்கான சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. சாலையும் வண்டியும் ஒரே காலத்தில் வளர்ந்தன. இன்று அங்கே, பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஆண்டு முழுவதும் மோட்டார் வீட்டிலேயே வாழும் முதியோரும் உளர். குளிர்காலத்தில் தெற்கே, கோடையில் வடக்கே என்று பறவைகளைப் போல அவர்கள் இடம் பெயர்கின்றனர். அவ்வண்டி நன்றாக ஓடினால் அவர்களுக்கு உலகமே வீடு. அது நன்றாக ஓடாவிட்டால் இருக்கும் ஒரே வீடும் அவர்களுக்குப் பகையாகிவிடும்.

அது ஏன் நன்றாக ஓடாமற் போகின்றது? மோட்டார் வீட்டைப் பெரும்பாலும் ஒருவரே முழுவதும் செய்வதில்லை. இஞ்சின், அச்சு, சக்கரம், வில், தடை ஆகியவற்றோடு கூடிய அடிச்சட்டத்தை ஒரு நிறுவனம் செய்கின்றது. அதன்மேல் வீட்டை வேறொரு நிறுவனம் கட்டுகின்றது. போர்டு நிறுவனத்தின் எப் 53 என்னும் அடிச்சட்டம் இத்தகையது. அதன் மிகப் பெரிய வகை சுமையோடு சேர்ந்து ஏறத்தாழ 11,800 கிலோகிராம் எடை வரை தாங்க வல்லது. அடிச்சட்டம் செய்வோர் தம் தொழிலில் வல்லவரே. ஆயினும் அதன்மேல் எத்தகைய வீடு எழும், அடுக்களை வலப்புறம் வருமா இடப்புறம் வருமா, தண்ணீர்த் தொட்டி எங்கே அமையும், குடியிருப்போர் எத்தனை புத்தகங்களையும் பாத்திரங்களையும் ஏற்றுவர் என்பனவற்றையெல்லாம் அவர்கள் முன்கூட்டியே அறிய இயலாது. ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒருவாறு பொருந்தும் உறுப்புகளையே அமைக்கின்றனர். எல்லார்க்கும் ஒரே அளவில் தைத்த சட்டை யாருக்கும் சரியாகப் பொருந்தாதது போல, இவ்வுறுப்புகளும் எந்த வீட்டுக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. அவற்றுள் மிக எளிதாக மாற்றத்தக்கதும், மாற்றினால் பயனை உடனே உணர்த்துவதும் 'ஷாக் அப்சார்பர்' என்று பட்டறைகளில் வழங்கும் சிறு கருவியாகும். தமிழில் அதனை அதிர்வு தாங்கி என்பர்.

ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் பழைய மோட்டார் வீடு ஒன்றை வாங்கி முதன்முதலாகப் புறப்படுகின்றனர் என்று கொள்க. ஊர்த் தெருக்களில் குறையொன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, மணிக்கு 60 மைல் வேகம் வந்தவுடன் வீடு தன் குணத்தைக் காட்டுகின்றது. பழைய கான்கிரீட் சாலைகள் நீண்ட பாளங்களால் ஆனவை. பாளமும் பாளமும் கூடும் இடத்தில் சிறு மேடு பள்ளம் இருக்கும். 60 அடிக்கு ஓர் இணைப்பு இருக்குமாயின், மணிக்கு 60 மைல் செல்லும் வண்டி நொடிக்கு 88 அடி கடப்பதால், ஏறத்தாழ இரண்டு நொடிகளில் மூன்று முறை மேடு பள்ளத்தைச் சந்திக்கும். வில்லின்மேல் நிற்கும் கனத்த வண்டியும் இயல்பாகவே நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை மேலும் கீழும் ஆடும் தன்மையுடையது. இரண்டு தாளமும் ஒத்துப்போனால் என்ன ஆகும் என்பதை ஊஞ்சல் ஆட்டிய சிறுவர் யாரும் அறிவர். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து மெல்லத் தள்ளினால் போதும். தள்ளுவது சிறு விசையே ஆயினும் ஊஞ்சல் ஒவ்வொரு முறையும் முன்னினும் உயரச் செல்லும். அவ்வாறே மோட்டார் வீட்டின் முன்புறம் எழுந்து விழுகின்றது. பின்புறம் விழுந்து எழுகின்றது. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன. அம்மையார் ஒரு கையால் இருக்கையையும் மறு கையால் அலமாரியின் கதவையும் பற்றிக்கொள்கின்றார்.

அப்போது பின்னாலிருந்து பெரிய லாரி ஒன்று இடப்புறமாக முந்திச் செல்கின்றது. அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்வதால் முந்துவது இடப்புறமே. லாரியின் முகப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் மோட்டார் வீட்டை வலப்புறம் ஒதுக்குகின்றது. ஆசிரியர் ஸ்டியரிங் சக்கரத்தை இடப்புறம் திருப்புகின்றார். அதற்குள் லாரியின் உடல் பக்கத்தில் வந்துவிட, காற்று இப்போது வண்டியை லாரியை நோக்கி இழுக்கின்றது. அவர் அவசரமாக வலப்புறம் திருப்புகின்றார். லாரி கடந்து போய்விட்டது. ஆனால் அது தொடங்கி வைத்த ஆட்டம் நிற்கவில்லை. உயர்ந்த வீடு இருபுறமும் சாய்ந்து சாய்ந்து மீள்கின்றது. இப்படி இருபது லாரிகள் முந்திச் சென்றபின் ஆசிரியரின் தோள்கள் கல்லைப்போல் இறுகிவிடுகின்றன. மாலையில் முகாமில் வண்டியை நிறுத்தியதும், இதை விற்றுவிடலாமா என்னும் பேச்சு அவர்களுக்குள் எழுகின்றது. மோட்டார் வீட்டை ஆசையோடு வாங்கியவர்கள் சில மாதங்களில் அதனைக் கைவிட எண்ணுவதற்கு இவ்வகைக் களைப்பும் அச்சமும் ஒரு பெருங்காரணம்.

இந்த ஆட்டத்துக்கு வேர் வில்லில் உள்ளது. மாட்டு வண்டிகளுள் வில் வண்டி என்று ஒரு வகை உண்டு. அப்பெயரில் உள்ள வில் எதுவோ, அதுவே மோட்டார் வீட்டின் அடியிலும் உள்ளது. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த அவ்வில், சக்கரம் மேட்டில் ஏறும்போது வளைந்து கொடுக்கின்றது. அதனால் மேட்டின் இடி நேராக உடலைத் தாக்குவதில்லை. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804ஆம் ஆண்டில் குதிரை வண்டிகளை இத்தகைய வில்லின்மேல் ஏற்றும் முறைக்கு உரிமை பெற்றார். வில்லின் இயல்பை அவருக்கு முன்பே ராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1678இல் வெளியிட்டிருந்தார்: எவ்வளவு விசையோடு இழுக்கின்றோமோ அவ்வளவுக்கு வில் நீளும் என்பது அவர் கண்ட விதி. விசை இருமடங்கானால் நீட்சியும் இருமடங்காகும்.

வில் நேர்மையானது, அதுவே அதன் குறை. வாங்கிய ஆற்றலை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஏறத்தாழ முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றது. மேட்டில் ஏறிய சக்கரம் வில்லை வளைத்தது. வில் நிமிரும்போது வண்டியை மேலே எறிந்தது. மேலே சென்ற வண்டி மீண்டும் விழுந்து வில்லை வளைத்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் சிறிது ஆற்றல் குறையும்; மற்றது ஆட்டமாகவே தொடரும். குதிரை வண்டியின் வேகத்துக்கு அந்தச் சிறிய உராய்வே போதுமானதாக இருந்தது. மோட்டார் வண்டியின் வேகத்துக்கு அது போதவில்லை. ஆற்றலை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத ஒன்று தேவைப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டின் துரூபோ என்பவர் அதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு கைகளை ஓரிடத்தில் ஆணியால் பொருத்தி, நடுவில் உராயும் தட்டுகளை வைத்து இறுக்கினார். வில் அசையும்போதெல்லாம் தட்டுகள் உராய்ந்து அசைவைத் தணித்தன. எட்வர்டு ஹார்ட்போர்டு என்னும் அமெரிக்கர் இதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று 1904ஆம் ஆண்டளவில் விற்பனை செய்யலானார். கருவி எளியது, ஆயினும் உராய்வுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மெல்லிய அசைவையும் வலிய அசைவையும் அது ஒரே விசையோடு எதிர்க்கும். சிறு கற்கள் நிறைந்த சாலையில் வில்லை அசையவிடாமல் வண்டியை விறைப்பாக்கும். பெரும்பள்ளத்திலோ அதன் விசை போதாமற்போகும். தேவையானது இதற்கு நேர்மாறான குணம்: மெல்ல அசைந்தால் விட்டுக்கொடுக்கவும், விரைந்து அசைந்தால் தடுக்கவும் வேண்டும்.

அக்குணம் நீர்மப் பொருள்களுக்கு இயல்பாகவே உண்டு. ஆற்றில் இறங்கிக் கையை மெல்ல அசைத்தால் தண்ணீர் வழிவிடும். வேகமாக வீசினால் எதிர்க்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் மொரீசு ஊதாய் முதலியோர் எண்ணெயைக் கொண்டு இயங்கும் கருவிகளை அமைத்தனர். 1927ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த போர்டு நிறுவனத்தின் 'ஏ' மாதிரிக் காரில் எண்ணெய்க் கருவிகள் இடம் பெற்றன. விலைமிக்க வண்டிகளுக்கு மட்டும் உரியதாக இருந்த சுகம் அதனால் நடுத்தர மக்களுக்கும் எட்டியது.

இன்றைய கருவி நீண்ட குழல் வடிவானது. ஓர் உருளை நிறைய எண்ணெய். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகள். துளைகளின்மேல் மெல்லிய எஃகுத் தகடுகளாலான வால்வுகள். உருளையின் ஒரு முனை அச்சோடும், பிஸ்டன் தண்டின் முனை அடிச்சட்டத்தோடும் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் எழும்போதும் தாழும்போதும் பிஸ்டன் எண்ணெயைக் கிழித்துக்கொண்டு செல்ல வேண்டும். எண்ணெயோ சிறு துளைகளின் வழியே நெருக்கியடித்துக்கொண்டுதான் மறுபுறம் செல்ல முடியும். அந்நெருக்கத்தில் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகின்றது. இங்கிலாந்தின் ஜேம்சு ஜூல் 1840களில் ஒரு பாத்திரத்துத் தண்ணீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கி, கலக்கிய உழைப்பு வெப்பமாக மாறுவதை அளந்து காட்டினார். சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் அச்சோதனையைத் தன் அடியில் சுமந்து செல்கின்றது எனலாம்.

இதனால் ஓர் உண்மை விளங்கும். அதிர்வு தாங்கி என்னும் பெயர் அக்கருவிக்கு முற்றிலும் பொருந்துவதன்று. அதிர்ச்சியைத் தாங்குவது வில். வண்டியின் எடையைச் சுமப்பதும் வில். இக்கருவி அதிர்ச்சிக்குப் பின் வரும் ஆட்டத்தை அடக்குகின்றது. ஆங்கிலப் பொறியியலார் பலர் இதனை 'டாம்பர்', அதாவது தணிப்பான், என்று கூறுவதே பொருத்தம். பெயரால் வந்த மயக்கத்தினால், பின்புறம் தாழ்ந்து தொங்கும் வண்டிக்குப் புதிய ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டி, வண்டி நிமிரவில்லையே என்று வருந்துவோர் உளர். தளர்ந்த வில்லைத் தணிப்பானால் நிமிர்த்த முடியாது.

தணிப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்பது நுட்பமான கேள்வி. அழுத்திவிட்ட வண்டி ஆட்டமே இன்றி நேரே தன் நிலைக்கு மீளுமாறு தணிப்பை மிகுவிக்க முடியும். ஆனால் அந்த அளவு தணிப்போடு ஓடும் வண்டியில் அமர்ந்திருப்போர்க்கு ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். ஆகவே மக்கள் செல்லும் வண்டிகளில் பொதுவாக அதன் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பர். வில் சுருங்கும்போது தணிப்பைக் குறைத்தும், விரியும்போது மிகுத்தும் அமைப்பதும் வழக்கம். மேட்டில் ஏறும் சக்கரத்துக்கு வழிவிட்டுப் பின்னர் வில்லின் துள்ளலைப் பிடித்துக்கொள்வது அதன் நோக்கம். மோட்டார் வீட்டின் இடர்ப்பாடு இங்கேதான் வருகின்றது. ஒரே தணிப்பானின்மேல் எடை கூடக் கூட, அதன் அடக்கும் திறம் குறைந்தது போலாகிவிடும். நாலைந்து டன் சரக்கு வண்டிக்கு ஏற்ற கருவி, அதனினும் கனமாகவும் உயரமாகவும் உள்ள வீட்டின்முன் வலிமையற்று நிற்கும். மேலும், இவ்வண்டிகளில் ஓட்டுநர் முன்னச்சின்மேலோ அதற்கும் முன்னாலோ அமர்கின்றார். படுக்கையறையோ பின்னச்சைத் தாண்டி நெடுந்தொலைவு நீண்டு நிற்கின்றது. நடுவில் இரண்டு அங்குலம் அசைந்தால் இரு முனைகளிலும் அவ்வசைவு பெருகித் தோன்றும்.

இக்குறையை வடிவமைப்பிலேயே தீர்க்க முயன்ற வண்டி ஒன்று குறிப்பிடத்தக்கது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரை செய்த மோட்டார் வீட்டில் முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. பின்னே செல்லும் சுழல்தண்டு இல்லாமையால் தளத்தைத் தரைக்கு அருகில் தாழ்த்த முடிந்தது. பின்புறத்தில் எஃகு வில்லுக்கு மாறாகக் காற்றுப் பைகள் இருந்தன. அந்நாளைய மோட்டார் வீடுகளுள் அது ஓட்டுவதற்கு இனியது என்று பெயர் பெற்றது. அதன் உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகியும் அதனைப் பேணிக் காத்து ஓட்டுவோர் உள்ளமை அதற்குச் சான்று.

அத்தகைய வண்டி வாய்க்காதவர்கள் கடைகளில் கிடைக்கும் சிறந்த கருவிகளை நாடுகின்றனர். அவற்றைச் செய்யும் நிறுவனங்களின் தொடக்கம் சுவையானது. நெதர்லாந்தின் கோனி நிறுவனம் 1857ஆம் ஆண்டில் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் செய்யும் தொழிலாகத் தோன்றியது. செருமனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1873இல் சன்னல்களுக்குரிய உலோகப் பொருத்துகளைச் செய்து வந்தது. சேணம் செய்தவரும் சன்னல் கொக்கி செய்தவரும் வண்டியின் ஆட்டத்தை அடக்கும் தொழிலுக்கு வந்து சேர்ந்தனர்.

நெடுந்தொலைவு ஓடும்போது எண்ணெய் வேகமாகக் கலக்கப்படுவதால் காற்று கலந்து நுரைக்கும். நுரையை எளிதில் அழுத்திவிடலாமாகையால் பிஸ்டனுக்குத் தக்க எதிர்ப்புக் கிடைப்பதில்லை. காலையில் நன்றாக இருந்த வண்டி மாலையில் ஆடத் தொடங்கும். பிரான்சின் கிறித்தியன் பூர்சியே தெ கார்போன் என்னும் பொறியியலார் இதற்கு மாற்றுக் கண்டார். உருளையின் ஒரு முனையில், அசையும் தடுப்பு ஒன்றுக்கு அப்பால், நைட்ரஜன் வளியை மிகுந்த அழுத்தத்தில் அடைத்தார். அது எப்போதும் எண்ணெயை அழுத்திக்கொண்டே இருப்பதால் நுரை எழுவதற்கு இடமில்லை. 1950களில் இம்முறை தொழிற்சாலைகளுக்கு வந்தது. பிற்காலத்தில், கல்லும் மணலும் தரும் விரைந்த சிறு அதிர்வையும், காற்றும் வளைவும் தரும் மெதுவான பெரிய சாய்வையும் பிரித்தறிந்து, முன்னதற்கு இளகியும் பின்னதற்கு இறுகியும் இயங்கும் வால்வுகளும் வந்தன. மென்மையும் உறுதியும் ஒருங்கே வேண்டும் மோட்டார் வீட்டுக்காரர்களுக்கு இது பெரும்பேறே. விலையும் அதற்கேற்ப உயர்ந்ததுதான்.

இவ்வளவு கூறியபின் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பணம் கொடுத்துக் கருவியை வாங்குமுன் வண்டியை எடைமேடைக்குக் கொண்டு செல்வதே அறிவுடைமை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் தங்கும் இடங்களில் எடைமேடைகள் உண்டு. ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே அறியலாம். ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் உள்ள எடையை அறிதல் அதனினும் நன்று. ஏனெனில் குளிர்ப்பெட்டியும் அடுப்பும், நின்ற இடத்தில் சுவரை வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் அமைப்பும் ஒரே பக்கத்தில் இருந்தால் அப்பக்கம் கனத்திருக்கும். தொட்டியில் 100 அமெரிக்கக் காலன் தண்ணீர் நிரம்பினால் அதன் எடை மட்டும் ஏறத்தாழ 378 கிலோகிராம். எடை தெரிந்தால், டயர் செய்தவர் தரும் பட்டியலைக் கொண்டு எவ்வளவு காற்று வேண்டும் என்று காணலாம். தேவைக்கு மேல் காற்றடித்த டயர் மரச்சக்கரம் போல் குதிக்கும். குறைவாகக் காற்றடித்ததோ சூடேறி வெடிக்கும். காற்றைச் சரி செய்தவுடனேயே பாதித் துன்பம் தீர்ந்துவிடும் வண்டிகள் உண்டு. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்குமானால் அதனைத் தணிப்பான் குறைக்காது. சாய்வது மெதுவாகும், அவ்வளவே. அதனைக் குறைப்பது இரு பக்க வில்லையும் இணைக்கும் முறுக்குத் தண்டு. நேர்ச்சாலையில் வண்டி தானாக வழி விலகுமானால் முன்சக்கரங்களின் கோணத்தைப் பார்க்கவேண்டும். பின்புறம் பக்கவாட்டில் நழுவினால், அச்சை அடிச்சட்டத்தோடு குறுக்காகப் பிணைக்கும் தண்டு தேவையாகலாம். மருத்துவர் நோயை அறியுமுன் மருந்து கொடுப்பதில்லை. ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் பலர், நண்பருக்குக் குணமான மருந்து தமக்கும் ஆகும் என்று கடைக்கு ஓடுகின்றனர்.

பழைய தணிப்பான் தளர்ந்துவிட்டதா என்று காண்பதும் கடினமன்று. சிறு காரானால் முன்புறத்தைக் கையால் அழுத்திவிட்டுப் பார்ப்பர். ஒருமுறைக்கு மேல் அது ஆடக்கூடாது. பத்து டன் வீட்டைக் கையால் அழுத்த பீமனாலும் ஆகாது. அதற்கு வேறு வழி உண்டு. உருளையின்மேல் எண்ணெய் கசிந்து அழுக்குப் படிந்திருக்கின்றதா என்று பார்க்கலாம். மேடு பள்ளமான சாலையில் ஓடி வந்ததும், நான்கு கருவிகளின் அருகிலும் கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிடலாம். உழைக்கும் கருவி சூடாக இருக்கும். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது உழைக்கவில்லை என்பது தெளிவு.

மாற்றும் வேலையில் அச்சம் தரும் பகுதி ஒன்று உண்டு. காற்றுப் பைகளின்மேல் நிற்கும் வண்டியில், பையிலிருந்து காற்று வெளியேறினால் மேலே உள்ள வீடு முழுவதும் ஒரு நொடியில் தாழ்ந்துவிடும். அடியில் படுத்திருப்பவர் உயிர் தப்புவது அரிது. அடிச்சட்டத்துக்கு உறுதியான தாங்கிகள் கொடுக்காமல் எவரும் அதன் அடியில் நுழைதல் தகாது. சக்கரங்களுக்குக் கட்டையும் இடவேண்டும். இது பற்றி எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது. மற்றவை பொறுமைக்குரிய வேலைகள். பல ஆண்டுத் துருவால் பற்றிக்கொண்ட ஆணிகள் எளிதில் கழலா. வளி அடைத்த புதிய கருவி விரிந்துகொள்ளத் துடிக்கும். அதனால் அதனைச் சுருக்கி வாரால் கட்டி அனுப்புவதும் உண்டு. வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் ரப்பர் புஷ் உள்ள ஆணிகளை இறுதியாக இறுக்கவேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்குண்டு விரைவில் கிழியும். ஓர் அச்சில் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் ஒருசேர மாற்றுதல் முறை.

அந்த ஆசிரியரும் அவர் மனைவியும் எடை பார்த்து, காற்றைத் திருத்தி, தளர்ந்த நான்கு கருவிகளையும் மாற்றிய பின்னர் மீண்டும் அதே நெடுஞ்சாலையில் செல்கின்றனர். வீடு இன்னும் அசைகின்றது. பத்து டன் பொருள் அசையாமல் ஓட இயலாது. ஆனால் ஓர் இணைப்பில் தொடங்கிய அசைவு அடுத்த இணைப்பு வருமுன் அடங்கிவிடுகின்றது. லாரி முந்தும்போது வண்டி ஒருமுறை சாய்ந்து நிமிர்கின்றது. ஸ்டியரிங் சக்கரத்தில் சிறு திருத்தமே தேவைப்படுகின்றது. நிறுத்தும்போது அதன் கனம் முன்போலவே இருப்பதால், வேகத்தைக் கூட்ட அவர் எண்ணவில்லை. அம்மையார் அலமாரியின் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, மடியில் விரித்த வரைபடத்தில் அடுத்த முகாமைத் தேடுகின்றார்.

பொழுது சாய்ந்து முகாமை அடைந்ததும் ஆசிரியர் கைவிளக்கோடு குனிந்து, சக்கரத்தின் பின்னால் உள்ள உருளைக்கு அருகே புறங்கையைக் கொண்டு செல்கின்றார். அன்று கடந்த முந்நூறு மைல் சாலையின் மேடு பள்ளமெல்லாம் அங்கே வெதுவெதுப்பாக இருக்கின்றது. நான்கையும் பார்த்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, உணவுக்காக வீட்டினுள் ஏறுகின்றார்.